இஃப் போடுவதா, டிரை போடுவதா? பைத்தான் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மற்றவர்கள் எழுதிய பைத்தான் நிரல்களைப் படித்துத் திருத்தம் சொல்வது என் அன்றாட வேலை. யார் எழுதினாலும், எதற்காக எழுதினாலும், ஒரு சந்தேகம் மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது: தப்பு நடக்குமா என்று முன்னாலேயே பார்த்துவிட வேண்டுமா, நடந்த பிறகு பிடித்துக்கொண்டால் போதுமா? கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நிரலில் வரும் சொற்களை நாம் வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

இஃப் போட்டுப் பார்க்கிறதும் டிரை–எக்ஸெப்ட் போடுறதும் ஒரே வேலையைத்தானே செய்யுது? எதை எழுதினா என்ன?

பல இடங்களில் முடிவு ஒன்றாகத்தான் இருக்கும். இஃப் போட்டால், வேலையைத் தொடங்கும் முன்பே 'இது நடக்குமா' என்று கேட்கிறீர்கள். டிரை போட்டால், வேலையைச் செய்தே பார்க்கிறீர்கள். நடக்காவிட்டால் பைத்தான் எழுப்பும் பிழை அறிவிப்பை, அதாவது எக்ஸெப்ஷனை, எக்ஸெப்ட்டில் பிடித்துக்கொள்கிறீர்கள்.

இரண்டு வழிக்கும் பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் உள்ள சொல்விளக்கப் பட்டியலிலேயே பெயர் உண்டு. முதலாவது எல்பிஒய்எல், 'லுக் பிஃபோர் யூ லீப்' என்பதன் சுருக்கம். நம் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' சொல்வதும் அதைத்தான். இரண்டாவது ஈஏஎஃப்பி, 'ஈசியர் டு ஆஸ்க் ஃபர்கிவ்னெஸ் தேன் பர்மிஷன்' என்பதன் சுருக்கம். அனுமதி கேட்டு நிற்பதைவிடச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பது சுலபம் என்பது அதன் பொருள். பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை, எது எப்போது என்பதுதான் முக்கியம்.

பைத்தான்ல டிரை–எக்ஸெப்ட்தான் சரியான பாணின்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ இஃப் போடுறது தப்பா?

தப்பே இல்லை. டிரை பைத்தானில் பரவலான பாணி என்பது உண்மை, அந்தச் சொல்விளக்கப் பட்டியலும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 'பரவலானது' என்பதை 'எப்போதும் இதுதான்' என்று எடுத்துக்கொண்டவர்கள், இரண்டு வரி இஃப்பில் முடிகிற வேலைக்குக்கூட ஆறு வரி டிரை எழுதிவைக்கிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். நீங்கள் போடும் சோதனையும், அடுத்த வரியில் செய்யப்போகும் வேலையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனவா? சோதனை ஒன்றைக் கேட்டு, வேலை வேறொன்றைக் கேட்டால், அந்த இடைவெளியில்தான் பிழை வந்து உட்காரும். கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த இடைவெளியைப் பற்றியவைதான்.

ஜாவா படிக்கும்போது எக்ஸெப்ஷனை வழக்கமான ஓட்டத்துக்குப் பயன்படுத்தவே கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தாங்க. பைத்தான்ல மட்டும் எப்படிச் சரியாகுது?

பைத்தானின் அஸ்திவாரத்திலேயே எக்ஸெப்ஷன் இருக்கிறது. நீங்கள் எழுதும் சாதாரண ஃபார் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பைத்தான் அடுத்த உறுப்பைக் கேட்டுக்கொண்டே போகும், தீர்ந்துபோனதும் ஸ்டாப் இட்டரேஷன் என்ற எக்ஸெப்ஷன்தான் 'முடிந்தது' என்று சொல்லும். லூப் அதைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நின்றுவிடும். அங்கே யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை. பைத்தானில் எக்ஸெப்ஷன் என்பது பேரிடர் அல்ல, 'எதிர்பார்த்த வழியில் போக முடியவில்லை' என்ற தகவல்.

டிக்ஷனரில ஒரு கீ இருக்கான்னு பார்க்க எது நல்லது? இன், கெட், டிரை மூணையும் பார்க்கிறேன், குழப்பமா இருக்கு.

டிக்ஷனரி என்பது ஒவ்வொரு கீயோடும் ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு. கீ இல்லாமல் போவது சகஜம், அதற்கு ஒரு மாற்று மதிப்பும் உங்களிடம் இருக்கிறது என்றால் கெட். கீ இருந்தால் ஒரு வேலை, இல்லாவிட்டால் முற்றிலும் வேறு வேலை என்றால் இன் போட்ட இஃப்தான் படிக்கச் சுகம். கீ கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்றால் நேராகச் சதுர அடைப்பில் எடுங்கள். இல்லாவிட்டால் கீ எரர் எழட்டும். அது எழ வேண்டிய பிழை.

கெட்டில் ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மாற்று மதிப்பு இருக்கும் இடத்தில் ஒரு ஃபங்ஷனை அழைத்தால், கீ இருந்தாலும் அந்த ஃபங்ஷன் ஓடிவிடும். அது கனமான வேலை என்றால் ஒவ்வொரு முறையும் வீண். அங்கே இன் அல்லது டிரைதான் பொருத்தம். டிஃபால்ட்டிக்ட் வைத்திருந்தால் இன்னொரு கவனம்: அதில் இல்லாத கீயைச் சதுர அடைப்பில் படித்தாலே அந்தக் கீ உருவாகிவிடும். இருக்கிறதா என்று மட்டும் பார்க்க இன் போடுங்கள்.

கெட் போட்டு எடுத்துட்டு, 'இஃப் மதிப்பு' ன்னு சோதிச்சா போதும்தானே?

போதாது. பூஜ்யம், காலி ஸ்ட்ரிங், காலி லிஸ்ட் எல்லாமே அந்த இஃப்பில் பொய்யாகத்தான் விழும். ஒரு மாணவர் தேர்வில் பூஜ்யம் வாங்கியிருந்தால் உங்கள் நிரல் அவர் தேர்வே எழுதவில்லை என்று சொல்லிவிடும். 'மதிப்பு வந்ததா' என்று கேட்க நினைத்து, 'வந்த மதிப்பு பூஜ்யம் அல்லாததா' என்று கேட்டுவிட்டீர்கள். இடைவெளி என்று சொன்னேனே, அது இதுதான். 'இஸ் நாட் நன்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் அந்த நன் என்பதே ஒரு முறையான மதிப்பாக டிக்ஷனரியில் இருக்க வாய்ப்பு உண்டு என்றால் இன் போடுங்கள்.

பயனர் கொடுத்தது எண்தானான்னு இஸ்டிஜிட் வெச்சுப் பார்த்துட்டு இன்ட் போட்டா பத்திரம்தானே?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இடைவெளியைக் கண்ணாலேயே பார்க்கலாம். இஸ்டிஜிட், ஸ்ட்ரிங்கில் உள்ளதெல்லாம் இலக்கமா என்று பார்க்கும். இன்ட், ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக மாற்றும். பைத்தானைத் திறந்து நீங்களும் அடித்துப் பாருங்கள். '-5' என்ற ஸ்ட்ரிங்குக்கு இஸ்டிஜிட் பொய் என்கிறது, இன்ட் அதை ஒழுங்காக மாற்றித் தருகிறது. முன்னும் பின்னும் காலி இடம் விட்ட ' 12 ' க்கும் அதே கதை. '1_000' என்று அடிக்கோடு போட்டு எழுதியதைப் பைத்தான் 3.6 முதல் இன்ட் ஏற்றுக்கொள்கிறது, இஸ்டிஜிட் மறுக்கிறது. சரியான எண்களையே வாசலில் தடுத்துத் திருப்பி அனுப்புகிறோம்.

மறுபக்கம் இன்னும் மோசம். வர்க்கத்தைக் குறிக்க மேலே சின்னதாகப் போடும் '²' என்ற எழுத்துக்கு இஸ்டிஜிட் மெய் என்கிறது. இன்ட் அதைப் பார்த்ததும் வேல்யூ எரர் எழுப்புகிறது. அதாவது சோதனையைத் தாண்டி வந்த பிறகும் நிரல் விழுகிறது. நம் எழுத்தில் பாருங்கள்: '௧௨' என்று தமிழ் எண்களில் கொடுத்தால் இன்ட் அழகாக 12 தரும். ஆனால் பத்தைக் குறிக்கும் '௰' ஐக் கொடுத்தால் வேல்யூ எரர். இதையெல்லாம் மனதில் வைத்து ஒரு சோதனையை நாமே எழுதக் கிளம்பினால், இன்ட் ஃபங்ஷனையே மறுபடி எழுதுகிற கதை ஆகிவிடும்.

அதனால் இங்கே டிரைதான். இன்ட்டைக் கூப்பிடுங்கள், வேல்யூ எரரைப் பிடியுங்கள். 'இது எண்ணா' என்று இன்ட்டைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. நன் வரவும் வாய்ப்பு இருந்தால் அதற்கு டைப் எரர் எழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்போ டிரைக்குள்ள இன்ட் மாற்றம் தேறிடுச்சுன்னா, வந்த எண் சரியானதுன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. மாற்ற முடிந்தது என்பது ஒன்று, உங்கள் வேலைக்குப் பொருந்துவது வேறு. வயது -5 என்று வந்தால் இன்ட் முகம் சுளிக்காது. வரம்புச் சோதனை உங்கள் பொறுப்பு, அது இஃப்பில்தான் வரும். டிரையும் இஃப்பும் போட்டி போடும் இடமல்ல இது, அடுத்தடுத்து வரும் இடம்.

தசம எண்ணாக மாற்ற ஃப்ளோட் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். 'நான்' என்று உச்சரிக்கும், 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லை ஃப்ளோட் பிழையில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அந்த மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும், பெரிதா சிறிதா என்ற இரண்டுக்கும் விடை பொய்தான். 'பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலோ நூறுக்கு மேலே இருந்தாலோ நிராகரி' என்று எழுதினால் அது நைசாக உள்ளே நுழைந்துவிடும். 'பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவில் இல்லையென்றால் நிராகரி' என்று திருப்பி எழுதிப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும். எது கெட்டது என்று பட்டியல் போடுவதைவிட எது நல்லது என்று சொல்லிவிட்டு மற்றதை மறுப்பது பாதுகாப்பு.

கோப்பு இருக்கான்னு எக்சிஸ்ட்ஸ் போட்டுப் பார்த்துட்டுத் திறக்கிறேன். இதுல என்ன குறை?

நீங்கள் பார்க்கும் கணத்தில் கோப்பு இருக்கிறது. அடுத்த வரி ஓடுவதற்குள் வேறொரு நிரல் அதை அழித்துவிடலாம், பெயரை மாற்றிவிடலாம். இடைவெளி மிகச் சிறியதுதான். உங்கள் கணினியில் ஆயிரம் முறை ஓட்டினாலும் நடக்காது. பல நிரல்கள் ஒரே கோப்புறையில் வேலை செய்யும் சர்வரில், ஒருநாள் நள்ளிரவில் நடக்கும். மறுநாள் யாராலும் திரும்ப வரவழைத்துக் காட்ட முடியாது. இந்த வகைப் பிழையைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

நேரம் மாறாவிட்டாலும் கேள்வி மாறுகிறது. கோப்பு இருப்பதும் அதைத் திறக்க முடிவதும் ஒன்றல்ல. அனுமதி இல்லாமல் போகலாம், அது கோப்பே அல்லாமல் கோப்புறையாக இருக்கலாம். பைத்தான் 3.3 முதல் இவை ஒவ்வொன்றுக்கும் தனி எக்ஸெப்ஷன் உண்டு: ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர், பர்மிஷன் எரர், இஸ் எ டைரக்டரி எரர். எல்லாமே ஓஎஸ் எரர் குடும்பம்தான். நேராகத் திறந்து, உங்களால் பதில் சொல்ல முடிந்ததை மட்டும் பிடியுங்கள். குறிப்பானதை முதலில், பொதுவானதைப் பிறகு எழுத வேண்டும். ஓஎஸ் எரரை மேலே எழுதிவிட்டால் மற்றவற்றுக்கு முறையே வராது.

பல சமயம் டிரைகூட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதிவிடக் கூடாது என்றால் ஓபனில் எக்ஸ் மோட் இருக்கிறது, கோப்பு இருந்தால் ஃபைல் எக்சிஸ்ட்ஸ் எரர் எழுப்பிவிடும். கோப்புறை உருவாக்க மேக்டிர்ஸில் எக்சிஸ்ட் ஓகே உண்டு. பாத் வழியாக அழிக்கும்போது 3.8 முதல் மிஸ்ஸிங் ஓகே உண்டு.

டேட்டாபேஸ்லயும் இதே சிக்கல் வருமா? 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கா'ன்னு கேட்டுட்டுத்தான் சேர்க்கிறேன்.

அப்படியே வரும். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் 'இருக்கா' என்று கேட்கும், இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் போகும், இரண்டும் சேர்க்கும். மின்னஞ்சல் இருக்கும் நெடுவரிசையில், ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற யுனீக் கட்டுப்பாடு போடுங்கள், சேர்த்துப் பாருங்கள், இன்டெக்ரிட்டி எரரைப் பிடியுங்கள். படிவத்தில் பயனருக்கு உடனே சொல்வதற்காக முன்கூட்டியே ஒரு சோதனை வைப்பதில் தவறில்லை. அது வசதிக்கு. பாதுகாப்பு கட்டுப்பாட்டில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒரு டிரான்சாக்ஷனுக்குள், அதாவது ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்புக்குள், பிழை வந்துவிட்டால், அதை ரோல்பேக் செய்து பின்வாங்கும்வரை அடுத்த கட்டளைகளை ஏற்காது. எக்ஸெப்ட்டில் பிடித்துவிட்டோமே என்று அதே டிரான்சாக்ஷனில் தொடர்ந்தால் அடுத்த வரியில் அடி விழும். நடுவில் ஒரு சேவ்பாயின்ட் வைத்தால் அதுவரை மட்டும் பின்வாங்கித் தொடரலாம்.

டிரைக்குள்ள எவ்வளவு வரி போடலாம்? மொத்த ஃபங்ஷனையும் உள்ளே போட்டா பத்திரமா இருக்காதா?

நிரல்களைப் படிக்கும்போது நான் அதிகம் திருத்தச் சொல்வது இதைத்தான். ஒரு உதாரணத்தை வரிவரியாகப் பார்ப்போம். டிரைக்குள் மூன்று வரிகள் இருக்கின்றன. முதல் வரி, பதிவேடு என்ற டிக்ஷனரியிலிருந்து மாணவரை எடுக்கிறது. இரண்டாவது, அந்த மாணவரை 'தரம் கணக்கிடு' என்ற ஃபங்ஷனுக்கு அனுப்புகிறது. மூன்றாவது, முடிவைச் சேமிக்கிறது. வெளியே கீ எரருக்கான எக்ஸெப்ட், அதில் 'அந்த எண்ணில் மாணவர் இல்லை' என்ற செய்தி.

இப்போது 'தரம் கணக்கிடு' ஃபங்ஷனுக்குள் யாரோ 'கணிதம்' என்ற கீயை 'கணக்கு' என்று தப்பாக எழுதிவிட்டார்கள். அங்கே கீ எரர் எழுகிறது, மேலேறி வருகிறது, உங்கள் எக்ஸெப்ட் அதைப் பிடிக்கிறது. திரையில் 'மாணவர் இல்லை'. மாணவர் பதிவேட்டில்தான் இருக்கிறார்! நீங்கள் பதிவேட்டைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், பிழையோ வேறொரு கோப்பில் இருக்கும். அடைப்பதற்கு வழி எளிது: டிரைக்குள் முதல் வரி மட்டும். எந்த வரி தோற்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அது மட்டும் உள்ளே, மற்றது வெளியே.

குடும்ப உறவும் இங்கே காலை வாரும். ஜேசான் என்ற தரவு வடிவத்தைப் படிக்கும்போது எழும் ஜேசான் டீகோட் எரரும், பைட்டுகளை எழுத்தாக்கும்போது எழும் யூனிகோட் டீகோட் எரரும் வேல்யூ எரரின் பிள்ளைகள். ஒரு கோப்பைத் திறந்து, படித்து, ஜேசானாக மாற்றி, அதில் ஒரு ஸ்ட்ரிங்கை எண்ணாக்குவது எல்லாம் ஒரே டிரையில் இருந்து, வெளியே வேல்யூ எரரைப் பிடித்தால், இவற்றில் எது தோற்றது என்று சொல்லவே முடியாது.

வெற்றியானா மட்டும் செய்ய வேண்டிய மீதி வரிகளை எங்கே வைக்கிறது?

டிரைக்கு எல்ஸ் உண்டு, பலர் பார்த்ததே இல்லை. டிரையில் எக்ஸெப்ஷன் எதுவும் எழாமல் முடிந்தால் மட்டும் எல்ஸ் ஓடும். எல்ஸுக்குள் எழும் பிழையை மேலே உள்ள எக்ஸெப்ட் பிடிக்காது. முந்தைய பதிலில் உள்ள இரண்டாவது, மூன்றாவது வரிகளுக்கு அதுதான் இடம். எக்ஸெப்ட்டில் ரிட்டர்ன் செய்துவிடுகிறீர்கள் என்றால் எல்ஸ் இல்லாமல் கீழே எழுதினாலும் சரி.

ஃபைனலி வேறு. வென்றாலும் தோற்றாலும் ஓடும், மூட வேண்டியதை மூடுவதற்கு. அதற்குள் ரிட்டர்ன் எழுதாதீர்கள். எழுந்து வந்துகொண்டிருந்த எக்ஸெப்ஷனை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பைத்தான் 3.14 முதல் இதற்கு எச்சரிக்கையே காட்டுகிறது.

எக்ஸெப்ட் மட்டும் எழுதி, உள்ளே பாஸ் போட்டா என்ன? நிரல் நிக்காம ஓடுதே.

பாஸ் என்றால் 'எதுவும் செய்யாதே' என்று பொருள். நிரல் ஓடுகிறது, அதுதான் பயம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், தினமும் இரவில் ஓடி அறிக்கை தயாரிக்கும் நிரல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரியையும் படித்துக் கூட்டும் லூப், அதற்குள் டிரை, எக்ஸெப்ட், பாஸ். மோசமான வரி ஒன்றிரண்டு வந்தால் நிற்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் எழுதியது. தரவு அனுப்புகிறவர்கள் ஒருநாள் ஒரு நெடுவரிசையின் தலைப்பை மாற்றினார்கள். அன்று முதல் எல்லா வரிக்கும் கீ எரர், எல்லா வரிக்கும் பாஸ். அறிக்கை நேரம் தவறாமல் வந்தது, எல்லா இடத்திலும் பூஜ்யம். அதைக் கவனிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வார எண்களை நம்பி முடிவு எடுத்தவர்களிடம் போய் விளக்கம் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

பெயர் சொல்லாத எக்ஸெப்ட் இன்னும் ஒரு கேடு செய்யும். நீங்கள் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தும்போது எழும் கீபோர்ட் இன்டரப்ட்டையும், நிரலை முடிக்க எழும் சிஸ்டம் எக்ஸிட்டையும் பிடித்துவிடும். இவை இரண்டும் எக்ஸெப்ஷன் வகுப்பின் கீழ் வராமல் பேஸ் எக்ஸெப்ஷனின் நேரடிப் பிள்ளைகளாக இருப்பதே, யாரும் தெரியாமல் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். உண்மையிலேயே ஒரு பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்றால், அதன் பெயரைச் சொல்லி கான்டெக்ஸ்ட்லிப்பின் சப்ரஸ்ஸில் போடுங்கள். படிப்பவருக்கு 'இது தெரிந்தே விட்டது' என்று புரியும்.

அப்போ 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்'னு பொதுவா பிடிக்கிறதுக்கு இடமே இல்லையா?

உண்டு, நிரலின் வெளி ஓரத்தில். ஆயிரம் வேலைகளை வரிசையாகச் செய்யும் நிரலில் ஒன்று தோற்றால் மற்றவை நிற்கக் கூடாது, அல்லது வெப் சர்வரில் ஒரு கோரிக்கை விழுந்தால் சர்வரே விழக் கூடாது. அங்கே பிடித்து, லாகிங்கின் எக்ஸெப்ஷன் மெத்தட் மூலம், பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் டிரேஸ்பேக்கோடு பதிவு செய்து, எத்தனை தோற்றன என்று எண்ணிச் சொல்லுங்கள். முந்தைய பதிலில் சொன்ன நிரல் அந்த எண்ணிக்கையை மட்டும் காட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

டிரை போட்டா நிரல் மெதுவாகும்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

எக்ஸெப்ஷன் எழாதவரை செலவு கிட்டத்தட்ட இல்லை. பைத்தான் 3.11 முதல் டிரைக்குள் நுழைவதற்கென்று தனி வேலையே இல்லை, பிழை எழுந்தால் எங்கே போவது என்பதை ஒரு தனி அட்டவணையில் வைத்திருக்கிறது. எழுந்தால்தான் செலவு. எக்ஸெப்ஷன் பொருளை உருவாக்கி, டிரேஸ்பேக் சேர்த்து, பிடிப்பவரைத் தேடிப் போக வேண்டும். அது ஒரு இன் சோதனையைவிடத் தெளிவாகவே அதிகம்.

ஆகவே தோல்வி அபூர்வம் என்றால் டிரை, பாதிக்குப் பாதி தோற்கும் என்றால் இஃப் என்பது வேகக் கணக்கு. ஆனால் லட்சக்கணக்கில் சுற்றும் லூப்புக்குள் இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் உங்கள் கண்ணில் படாது. வேகத்தை வைத்து முடிவெடுக்கும் முன் டைம்இட் வைத்து உங்கள் தரவிலேயே அளந்து பாருங்கள்.

எக்ஸெப்ஷனே எழாம தப்பு நடக்கிற இடம் இருக்கா? அங்கே டிரை எப்படிக் காப்பாத்தும்?

காப்பாற்றாது. அங்கேதான் இஃப் கட்டாயம். லிஸ்ட்டில் இன்டெக்ஸ் -1 ஆகிவிட்டால் இன்டெக்ஸ் எரர் வராது, கடைசி உறுப்பு வரும். ஸ்ட்ரிங்கின் ஃபைண்ட், தேடியது கிடைக்காவிட்டால் அதே -1 ஐத்தான் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கிடைக்காததைத் தேடி, கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டு நிரல் நிம்மதியாக மேலே போகும். ஃபைண்டுக்குப் பதில் இன்டெக்ஸ் மெத்தடைப் பயன்படுத்தினால் வேல்யூ எரர் எழும்.

ஸ்லைஸ் எல்லையைத் தாண்டினாலும் பிழை வராது, இருப்பதை மட்டும் தரும். எண் கணக்குகளுக்கான நம்பை நூலகத்தின் அர்ரேயில் பூஜ்யத்தால் வகுத்தால் எக்ஸெப்ஷன் எழாது, இயல்பாக ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு முடிவிலி வரும். ரெகுலர் எக்ஸ்பிரஷனின் மேட்ச் பொருந்தாவிட்டால் நன் தரும். டிரை எழுதும் முன், 'இந்த வரி தோற்றால் உண்மையில் எக்ஸெப்ஷன் எழுப்புமா' என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது என் பழக்கம்.

நடுவுல பிழை வந்தா பிடிச்சுக்கலாம், சரி. ஆனா அதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருந்தா?

டிரைக்கு எதிரான நியாயமான வாதம் இதுதான். ஒரு கணக்கிலிருந்து பணத்தைக் கழித்துவிட்டு, இன்னொன்றில் சேர்க்கும்போது பிழை எழுந்தால், எக்ஸெப்ட் பிடித்துவிடும், கழித்தது திரும்பாது. மன்னிப்புக் கேட்டால் போதும் என்ற வழி, செய்ததைத் திரும்ப எடுக்க முடிகிற இடத்தில்தான் செல்லும்.

டேட்டாபேஸ் என்றால் டிரான்சாக்ஷன் போடுங்கள். கோப்பு என்றால் தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி முடித்துவிட்டு ஓஎஸ் ரிப்ளேஸால் பெயர் மாற்றுங்கள். மின்னஞ்சல் அனுப்புவதுபோலத் திரும்பப் பெறவே முடியாத வேலை என்றால், சோதிக்க முடிந்ததையெல்லாம் அதற்கு முன்பே இஃப்பில் சோதித்துவிட்டு, அந்த வேலையைக் கடைசியில் வையுங்கள்.

நான் எழுதுற ஃபங்ஷன் தோற்றா நன் திருப்பணுமா, ரெய்ஸ் பண்ணணுமா?

'கிடைக்கவில்லை' என்பது சாதாரணப் பதில்களில் ஒன்று என்றால் நன் சரி. தேடல் அப்படித்தான். வாக்குக் கொடுத்த வேலையைச் செய்யவே முடியவில்லை என்றால் ரெய்ஸ், அதாவது எக்ஸெப்ஷனை எழுப்புங்கள். நன் திருப்பினால் அழைக்கும் ஒவ்வொருவரும் இஃப் போட வேண்டும். ஒருவர் மறந்தாலும், பத்து ஃபங்ஷன் தள்ளி 'நன்னுக்கு அந்த ஆட்ரிபியூட் இல்லை' என்று புலம்பும் பிழை வரும், மூலத்தைத் தேட வேண்டியிருக்கும். எந்த வகை மதிப்பு வரும் என்று டைப் ஹின்ட் எழுதி, அதைச் சரிபார்க்கும் மைபை போன்ற கருவியை ஓட்டினால், மறந்த இஃப்பை அது சுட்டிக்காட்டும். எக்ஸெப்ஷனைப் பிடிக்க மறந்ததை அது காட்டாது. இது நன் பக்கம் இருக்கும் ஒரு நல்ல நியாயம்.

சோதனைக்கு இஃப்புக்குப் பதிலா அசெர்ட் போட்டா ஒரே வரியில முடியுதே?

வெளியிலிருந்து வரும் தரவுக்கு வேண்டாம். பைத்தானை ஓ (-O) என்ற தேர்வோடு ஓட்டினால் அசெர்ட் வரிகள் எல்லாம் காணாமல் போய்விடும், சோதனையும் கூடவே போய்விடும். 'இங்கே இப்படித்தான் இருக்க முடியும், இல்லையென்றால் என் நிரலே தப்பு' என்ற இடத்துக்கு மட்டும் அசெர்ட்.

கீழே எழுந்த கீ எரரை அப்படியே மேலே விடாம, எனக்கு அர்த்தமுள்ள பெயர்ல மாத்தி எழுப்பலாமா?

தாராளமாக. 'மாணவர் இல்லை' என்று உங்கள் சொந்த எக்ஸெப்ஷன் வகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு எழுப்புங்கள். அப்படி எழுப்பும்போது ஃப்ரம் போட்டு மூல எக்ஸெப்ஷனையும் சேர்த்துவிடுங்கள். டிரேஸ்பேக்கில் 'இதனால்தான் இது வந்தது' என்று இரண்டும் தெரியும். ஃப்ரம் இல்லாவிட்டாலும் பைத்தான் 3 பழையதைக் காட்டும், ஆனால் 'ஒரு பிழையைக் கையாளும்போது இன்னொன்று எழுந்தது' என்ற தொனியில் காட்டும். படிப்பவர் உங்கள் எக்ஸெப்ட்டிலேயே பிழை இருக்கிறதோ என்று நினைத்துவிடுவார்.

ஹாஸ்ஆட்டர் போட்டுப் பார்க்கிறது இஃப் வகையா, டிரை வகையா?

வெளியே இஃப், உள்ளே டிரை. அது ஆட்ரிபியூட்டை உண்மையிலேயே எடுத்துப் பார்த்து, ஆட்ரிபியூட் எரர் எழுந்தால் பொய் என்கிறது. எனவே அந்த ஆட்ரிபியூட் ஒரு பிராப்பர்ட்டி என்றால், அதன் நிரல் ஓடிவிடும். அந்தப் பிராப்பர்ட்டிக்குள் எழுத்துப்பிழையால் ஓர் ஆட்ரிபியூட் எரர் எழுந்தாலும் ஹாஸ்ஆட்டர் 'இல்லை' என்றுதான் சொல்லும். டிரைக்குள் அதிக வரி போட்டால் என்ன ஆகும் என்று பதிவேட்டு உதாரணத்தில் பார்த்தோமே, அதே சிக்கல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பைத்தான் 2 இல் எந்தப் பிழை எழுந்தாலும் 'இல்லை' என்றுவிடும். 3.2 இல்தான் ஆட்ரிபியூட் எரர் மட்டும் என்று சுருக்கினார்கள்.

ஜெனரேட்டருக்குள்ள நெக்ஸ்ட் போடும்போது பிடிக்காம விட்டா, லூப் தானா நிக்கும்னு நினைச்சேன். ரன்டைம் எரர் வருது. ஏன்?

ஜெனரேட்டர் என்பது மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன், நெக்ஸ்ட் அடுத்த மதிப்பைக் கேட்பது. மூன்றாவது பதிலில் ஃபார் லூப் எப்படி நிற்கிறது என்று சொன்னேன். அதன் பக்கவிளைவு இது. முன்பெல்லாம் ஜெனரேட்டருக்குள் கவனிக்காமல் விட்ட ஸ்டாப் இட்டரேஷன் வெளியே கசிந்து, வெளியே இருக்கும் லூப் 'சரி, முடிந்துவிட்டது' என்று நின்றுவிடும். பாதித் தரவோடு நிரல் முடியும், எந்தச் சத்தமும் இருக்காது. பைத்தான் 3.7 முதல் ஜெனரேட்டரிலிருந்து அப்படிக் கசிவதை ரன்டைம் எரராக மாற்றிவிடுகிறார்கள்.

உங்கள் நிரலில் இரண்டு வழி உண்டு. நெக்ஸ்ட்டை டிரைக்குள் போட்டு, ஸ்டாப் இட்டரேஷனைப் பிடித்து, ரிட்டர்ன் செய்யலாம். அல்லது நெக்ஸ்ட்டுக்கு இரண்டாவது மதிப்பாக ஒரு தனி அடையாளப் பொருளைக் கொடுத்து, அது வந்ததா என்று இஸ் போட்டு இஃப்பில் பார்க்கலாம். அடையாளப் பொருளாக நன்னைப் பயன்படுத்தாதீர்கள், தரவிலேயே நன் இருந்தால் பாதியில் நின்றுவிடும். வெறும் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு எதற்கும் சமமாக இருக்காது.